விசாக் கதவும் கரைவலைப்பாடும்: எங்கள் சுற்றுலா விதிகளைப் பிராந்தியத்தோடு பொருத்தலாமா?

பரந்தன்சந்தி:

போன கிழமை எங்கள் பக்கத்து வணிகர் கூட்டமொன்றில் ஒரு கேள்வி வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரக் காத்திருக்கும் நாடுகள், சுற்றுலாவைத் தொடுகிற தங்கள் சட்டங்களை ஒன்றியத்தின் சட்டங்களோடு பொருத்திக்கொண்டு வருகின்றன. இலங்கையும், இந்தியா, தாய்லாந்து உட்பட வங்காள விரிகுடாப் பக்கத்து நாடுகள் சேர்ந்த பிம்ஸ்டெக் போன்ற பெரிய அமைப்பொன்றோடு தன் சுற்றுலாக் கொள்கையைப் பொருத்தினால் வன்னிக்கு என்ன கிடைக்கும்? கூட்டம் தேத்தண்ணியோடு கலைந்துவிட்டது. எனக்கு மனம் ஆறவில்லை. அதனால் இங்கே போடுகிறேன்.

என் பக்கத்தை முதலே சொல்லிவிடுகிறேன். பொருத்த வேண்டும், அதுவும் கெதியாக.

பரந்தனில் எனக்கு ஐந்து அறை உள்ள சின்ன விடுதி. போன வருடம் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, இரவு ஒன்பது மணிக்கு நாய் விடாமல் குரைத்தது. போய்ப் பார்த்தால் படலைக்கு வெளியே பன்னிரண்டு பேர். நாகபட்டினத்தில் கப்பலேறி, காங்கேசன்துறையில் இறங்கி, யாழ்ப்பாணத்தில் பஸ் பிடித்து வந்திருக்கிறார்கள். வயதான அம்மா ஒருவர் சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்து, நாலாக மடித்த தாளொன்றை நீட்டினார். என் விடுதியின் பெயர், மூன்று இரவு, மூன்று வேளைச் சாப்பாடு, முழுப் பணமும் கட்டியாயிற்று என்று முத்திரை. என்னிடம் அப்படியொரு பதிவே இல்லை. பணம் வாங்கிய முகவரின் கைபேசி அன்றைக்கும் அடுத்த நாளும் அணைந்தே கிடந்தது. ஐந்து அறையில் மூன்றில் ஏற்கனவே ஆட்கள். கூடத்தில் பாய் விரித்தோம். மனைவி அந்த நேரத்தில் மா குழைத்துப் புட்டு அவித்தார். அந்த அம்மாவிடம் இன்னொரு முறை காசு கேட்க எனக்கு வாய் வரவில்லை.

முகவர் ஒரு நாட்டில், விடுதி இன்னொரு நாட்டில். எந்தப் பொலிசில் போய் முறையிடுவது? ஐரோப்பாவில் இதற்கு 1990இலேயே பொது விதி வந்துவிட்டது. 2015இல் அதைப் புதுக்கினார்கள், 2018 ஜூலையில் இருந்து நடைமுறை. பயணத்தையும் தங்குமிடத்தையும் சேர்த்துப் பொதியாக விற்கிறவர், தான் நொடித்துப்போனாலும் வாடிக்கையாளரின் பணம் திரும்பவும் அவர் வீடு போய்ச் சேரவும் முன்கூட்டியே பிணை வைத்திருக்க வேண்டும். ஒரு நாடு தனியே இதைச் செய்து பயனில்லை. கடலுக்கு இரண்டு கரையிலும் ஒரே விதி இருந்தால்தான் அந்தத் தாளுக்குப் பெறுமதி.

வட்டுவாகல் ரீச்சர்:

பரந்தன் தம்பி, அந்த இரவு நீங்களும் உங்கள் மனைவியும் செய்தது பெரிய காரியம். ஆனால் அந்தப் பன்னிரண்டு பேரை வைத்து முழு நாட்டின் கொள்கையையும் கொண்டுபோய் இன்னொருவர் கையில் கொடுக்கச் சொல்கிறீர்கள். அதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

முப்பது வருடம் புவியியல் படிப்பித்தவள் நான். பெரியதோடு சிறியது பொருந்தும்போது எப்போதும் சிறியதுதான் வளைகிறது. குரோஷியாவைப் பாருங்கள். 2013 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. சேர்வதற்கு மூன்று மாதம் முன்பே, ஏப்ரல் முதலாம் திகதியில் இருந்து, ரஷ்யர்களுக்கும் உக்ரேனியர்களுக்கும் விசா கட்டாயமாக்க வேண்டி வந்தது. வீடு தேடி வந்துகொண்டிருந்த விருந்தாளிக்குத் தன் கையாலேயே படலையைச் சாத்தியது. ஏன்? ஒன்றியத்தின் விசா விதி அப்படி.

இப்போது எங்கள் நாட்டைப் பாருங்கள். 2024இல் இருபது இலட்சத்துக்கு மேல் வந்தார்கள். முதலிடம் இந்தியா, இரண்டாமிடம் ரஷ்யா. யாருக்குக் கதவு திறப்பது என்பதை நாளைக்கு டெல்லியும் பாங்கொக்கும் இருந்து தீர்மானித்தால், எங்கள் பிழைப்பு அவர்களுடைய வெளிநாட்டுக் கொள்கையில் தொங்கும்.

இன்னொன்று. பிம்ஸ்டெக்கில் சுற்றுலா என்று பேச்செடுத்தால் முதலில் வருவது பௌத்த யாத்திரைப் பாதை. லும்பினிக்கும் புத்தகயாவுக்கும் அது நல்ல விடயம். அந்தப் பாதையின் வரைபடத்தில் இலங்கையில் எந்தெந்த இடம் ஏறும் என்று யார் முடிவெடுப்பது? பௌத்த விகாரையா சைவக் கோயிலா என்று இழுபறிப்பட்ட எங்கள் முல்லைத்தீவுக் குருந்தூர்மலையை மறந்துவிட்டீர்களா? ஆதிசிவன் ஐயனார் கோயிலில் பொங்கல் வைக்கப் போன சனம் நீதிமன்றம் வரை அலைந்தது. உள்ளூரில் தீராத வழக்கை ஒரு பிராந்திய வரைபடம் ஒரே கோட்டில் தீர்த்துவிடும், அதுவும் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

கட்டுக்கரை:

இரண்டு பேரும் ஒரு விடயத்தைத் தவறவிடுகிறீர்கள். நான் மன்னாரில் பறவை பார்க்க வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு திரிகிறவன். வங்காலையிலும் கட்டுக்கரைக்குளத்திலும் எங்கள் கரையில் நிற்கும் பறவை எந்த நாட்டுக் கொள்கையையும் பார்த்து வருவதில்லை என்பதால், இந்த எல்லை தாண்டிய விதிகளைப் பற்றிக் கொஞ்சம் தேடி வாசித்திருக்கிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கே பொதுவான சுற்றுலாச் சட்டம் கிடையாது. 2009 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த லிஸ்பன் ஒப்பந்தத்தில்தான் சுற்றுலாவுக்கென்று ஒரு உறுப்புரையே வந்தது. அந்த 195ஆம் உறுப்புரை சொல்வது, உறுப்பு நாடுகள் செய்வதற்கு ஒன்றியம் துணைநிற்கலாம், ஆனால் அவற்றின் சட்டங்களை ஒரே சீராக்கக் கூடாது என்பது. அப்படியென்றால் பரந்தன் அண்ணை சொல்கிற பிணை விதி எங்கே இருந்து வந்தது? நுகர்வோர் பாதுகாப்பில் இருந்து. ரீச்சர் சொன்ன விசா? எல்லைக் கொள்கையில் இருந்து. கடல் தண்ணீர் சுத்தம்? சுற்றாடலில் இருந்து. சுற்றுலா என்ற பெயரில் ஒன்றும் வருவதில்லை, பக்கத்து வாசல்களால்தான் வருகின்றன. ஆகவே "சுற்றுலாக் கொள்கையைப் பொருத்தலாமா" என்று கேட்டால் பதில் கிடைக்காது. எந்த வாசலால் எதை எடுக்கிறோம் என்று கேட்க வேண்டும்.

ரீச்சரின் பயத்துக்கும் ஒரு வார்த்தை. பிம்ஸ்டெக்கில் பூட்டானும் இருக்கிறது. அது வெளிநாட்டுப் பயணியிடம் ஓர் இரவுக்கு நூறு டொலர் கட்டணம் வாங்குகிறது, இந்தியர்களிடம் தன் நாணயத்தில் 1,200 நுல்ட்ரம். சிறிய நாடு, பெரிய அயலவர், அப்படியிருந்தும் தன் கட்டணத்தைத் தானே வைத்திருக்கிறது. வளையாமலும் இருக்கலாம்.

தெற்காசிய நாடுகளின் அமைப்பான சார்க்கைப் பற்றி நேரம் செலவழிக்கத் தேவையில்லை. 2014இல் காத்மண்டுவில் நடந்த உச்சிமாநாட்டுக்குப் பிறகு தலைவர்கள் இன்னொரு மாநாட்டுக்குக் கூடவே இல்லை.

பரந்தன்சந்தி:

கட்டுக்கரைத் தம்பி சொன்னது எனக்குப் புதிது. நன்றி. ஆனால் விசா விடயத்தில் நான் ரீச்சரோடு நிற்க மாட்டேன்.

1914இல் இருந்து தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது. கொழும்பில் ரயிலேறினால் கடலைத் தாண்டிச் சென்னை வரை ஒரே பயணம். போட் மெயில் என்றால் எங்கள் வீட்டில் இன்றைக்கும் கதை இருக்கிறது. அப்பப்பா மதுரைக்குப் போய் வந்த கதையை, பக்கத்து ஊருக்குப் போனது போலத்தான் சொல்வார். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பிறகு இராமேஸ்வரத்தில் இருந்து ஓடிய கப்பலும் எண்பதுகளின் போரோடு நின்றுபோனது. வன்னிக்கு அயல் என்றால் அது அந்தக் கரைதான். 2023 ஒக்டோபரில் நாகபட்டினக் கப்பல் வெள்ளோட்டம் விட்டபோது நான் அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கச்சதீவைப் பாருங்கள். 1974 ஒப்பந்தத்தின்படி அந்தோனியார் திருவிழாவுக்கு அங்கிருந்து வருகிறவர்களுக்கு விசா வேண்டாம். ஒரு சின்னத் தீவில் முடிந்தது ஏன் மடுவுக்கும் திருக்கேதீச்சரத்துக்கும் முடியாது?

வட்டுவாகல் ரீச்சர்:

கச்சதீவை நீங்களே எடுத்துத் தந்தீர்கள், தம்பி. அது இரண்டு நாடுகள் செய்த ஒப்பந்தம். எந்த ஒன்றியமும் அதில் இல்லை. ஆவணி விழாவுக்கு மடுவுக்கு அப்படி ஓர் ஏற்பாடு வேண்டுமென்றால் முதல் கையெழுத்தை நானே போடுகிறேன்.

ஆனால் அந்தக் கடலால் யாத்திரிகர்கள் மட்டும் வருவதில்லை. இழுவைப்படகும் வருகிறது. கடலடியை வாரி இழுக்கும் அடிமடி இழுப்பை 2017இல் எங்கள் நாடு சட்டத்தால் தடை செய்தது. அப்படியிருந்தும் ஒரே இரவில் பத்து வலையை அறுத்துக்கொண்டு போகிறார்கள். என் தம்பியின் வலை இரண்டு தடவை போனது. கடலில் ஒரு விதியை இரண்டு கரையும் மதிக்க வைக்க முடியாதவர்கள், சுற்றுலாவில் மட்டும் மதிக்க வைப்பார்கள் என்று எப்படி நம்புவது?

காணிக்கு வருவோம். வன்னியில் நிறையச் சனம் இருப்பது குடியேற்றத் திட்டத்துப் பெர்மிட் காணியில். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் கொடுத்தது. சொந்தம் என்று காட்டும் காணி உறுதி இல்லை. வங்கிக்குப் போனால் உறுதி கேட்கிறார்கள். விடுதியைப் பதியப் போனால் காணிப் பத்திரம் கேட்கிறார்கள். பெரிய தரம், பிராந்தியச் சான்றிதழ் என்று நாளைக்கு ஒன்று வந்தால் யாரால் அதை எடுக்க முடியும்? கொழும்பில் இருந்து முதலோடு வருகிறவரால் முடியும். விசுவமடுவில் இரண்டு அறை கட்டி வைத்திருக்கிற விதவைப் பெண்ணால் முடியாது. போர் முடிந்த கையோடு முதலில் வந்த சுற்றுலா எது என்று ஞாபகம் இருக்கிறதா? கிளிநொச்சியில் விழுந்துகிடந்த தண்ணீர்த் தொட்டி. அதற்குப் பக்கத்தில் நினைவுப்பொருள் கடை. பஸ் பஸ்ஸாக வந்து அதன் முன்னால் நின்று படமெடுத்தார்கள். அந்தத் தொட்டியில் இருந்து தண்ணீர் குடித்த எங்களிடம், இதைக் காட்டலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. படையினர் நடத்திய விடுதி நந்திக்கடல் ஓரத்தில் வந்தது. அப்போதும் கேட்கவில்லை.

ஒன்றியத்தில் எனக்கு வெறுப்பில்லை. எங்களிடம் கேட்காமல் எழுதப்படுகிற அடுத்த தாள் அதுவாக இருந்துவிடக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

மாங்குளத்தான்:

ஜேர்மனியில் இருந்து எழுதுகிறேன். பிறந்தது மாங்குளம், இங்கே வந்து இருபத்தைந்து வருடம்.

பரந்தன் அண்ணை சொல்கிற பிணை விதி உண்மை. அதன் ஓட்டை எங்கே என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2019 செப்டெம்பரில் தாமஸ் குக் என்ற பெரிய பயண நிறுவனம் நொடித்து விழுந்தது. என்னோடு வேலை செய்கிறவர் குடும்பத்தோடு போகக் காசு கட்டியிருந்தார். சட்டப்படி காப்புறுதி இருந்தது. ஆனால் ஜேர்மனியில் அந்தக் காப்புறுதிக்கு 110 மில்லியன் யூரோ என்று உச்சவரம்பு வைத்திருந்தார்கள், இழப்பு அதைத் தாண்டிவிட்டது. மிச்சத்தை அரசாங்கம் கொடுக்க வேண்டி வந்தது, ஏனென்றால் ஒன்றியத்தின் விதியைச் சரியாக நடைமுறைப்படுத்தாத பொறுப்பு அரசின் தலையில் விழக்கூடும். அவருக்குக் காசு திரும்பி வர நெடுங்காலம் பிடித்தது, ஆனால் வந்தது. விதியை எழுதிவைத்தால் போதாது. அதை மீறினால் அரசையே பொறுப்பாக்க ஓர் இடம் வேண்டும். ஐரோப்பாவுக்கு லக்சம்பேர்க்கில் நீதிமன்றம் இருக்கிறது. பிம்ஸ்டெக்குக்கு டாக்காவில் ஒரு செயலகம் இருக்கிறது, நீதிமன்றம் இல்லை. 2022இல்தான் அதற்குச் சாசனமே கையெழுத்தானது.

ரீச்சருக்கு ஒன்று சொல்ல வேண்டும். என் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஏரி. கோடையில் பிள்ளைகளோடு போவோம். கரையில் ஒரு பலகை, தண்ணீரின் தரம் என்ன என்று அதில் போட்டிருக்கும். மலக் கிருமி இருக்கிறதா என்று குளிக்கும் காலத்தில் சோதிப்பார்கள். மிக நன்று, நன்று, போதும், மோசம் என்று நாலு தரம். பல வருட முடிவுகளை வைத்துத் தரம் போடுகிறார்கள். அந்தப் பலகையைப் பார்த்துக் குளிப்பவர்கள் முக்கால்வாசிப்பேர் அந்த ஊர்க்காரர்தான். சுற்றுலாவுக்கென்று யாரும் அந்த விதியைக் கேட்கவில்லை. முல்லைத்தீவுக் கடற்கரையில் அப்படியொரு பலகை நின்றால் அது முதலில் உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு உதவாதா?

ஏ9 வான்காரன்:

எல்லோரும் விடுதியைப் பற்றியே கதைக்கிறீர்கள். நான் வான் ஓட்டுகிறவன், என் பக்கத்தையும் கேளுங்கள்.

தென்கிழக்காசியாவின் ஆசியான் அமைப்பு நாடுகள் சுற்றுலா வேலைகளில் 32 வகைக்கு ஒருவர் தகுதியை மற்றவர் ஏற்கும் ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. எங்கள் பக்கத்திலும் அப்படி வரவேண்டும் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். சமையல்காரருக்கும் அறை துப்புரவு செய்கிறவருக்கும் அது சரி. வழிகாட்டிக்கு வேண்டாம்.

ஒரு தடவை வெளிநாட்டு ஆள் ஒருவர், முகமாலை தாண்டும்போது நிறுத்தச் சொன்னார். தலை போன பனைகள் வரிசையாக நிற்கின்றனவே, அதைப் படமெடுக்க. நான் கை பிரேக் போடுவதற்குள் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். வீதியோரம் தாண்டிப் புல்லுக்குள் மூன்று அடி. நான் ஓடிப்போய்ச் சட்டைக் கொலரில் பிடித்து இழுத்தேன். அவருக்குக் கோபம். பிறகு நாலு பாகம் தள்ளிச் சிவப்புப் பலகையில் மண்டையோடு இருந்ததைக் காட்டினேன். மனிதர் அப்படியே வீதியில் குந்திவிட்டார். கண்ணிவெடி அகற்றும் ஆட்கள் வருடக்கணக்கில் முழங்காலில் இருந்து மண் கிண்டிய இடம் அது. எந்தக் காணி துப்புரவாகிவிட்டது, எது இல்லை என்று தெரியாத ஒருவர், எந்த நாட்டு அட்டையோடு வந்தாலும் எனக்கு வழிகாட்டி இல்லை.

கட்டுக்கரை:

வான்கார அண்ணை, இதை அப்படியே எழுதிக் கொடுக்க வேண்டும். பறவை விடயத்திலும் இதே கதைதான். வங்காலை 2010இல் இருந்து, ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கிறது, சர்வதேசப் பெயர் இருக்கிறது. பூநாரை கிட்டப் போனால் எழும்பிவிடும், எத்தனை தூரத்தில் நிற்க வேண்டும் என்பது அந்தப் பெயரில் எழுதியிருப்பதில்லை. அது எங்கள் காலுக்குத்தான் தெரியும்.

வட்டுவாகல் ரீச்சர்:

மாங்குளத்துப் பிள்ளை சொன்ன பலகையை இரண்டு நாளாக யோசித்தேன்.

நான் பிடிவாதக்காரிதான், ஆனால் நியாயத்துக்கு வளைவேன். தண்ணீர் சோதனை வேண்டும். அதற்கு டாக்காவையோ டெல்லியையோ பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. எங்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு மாதிரிப் போத்தலும் ஆய்வுகூடத்துக்கு வழியும் கொடுத்தால் போதும். அளவுகோலை வேண்டுமானால் ஐரோப்பாவில் இருந்து எடுப்போம். அளவுகோல் எடுப்பது ஒன்று, சாவியைக் கொடுப்பது இன்னொன்று. முகவர் பிணையும் வேண்டும், இரண்டு கரைக்கும் சேர்த்து. விசாவும் வரைபடமும் வேண்டாம். இதில் இருந்து நான் இறங்க மாட்டேன்.

பரந்தன்சந்தி:

விசாவில் எனக்கு இன்னும் ஆசை போகவில்லை, ரீச்சர். மடு ஏற்பாட்டுக்குக் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொன்னீர்கள், அதை மறக்க மாட்டேன்.

அடுத்த கூட்டத்தில் கொடுக்க ஒரு கடிதம் எழுதிப் பார்த்தேன். திருத்திச் சொல்லுங்கோ.

"வன்னிச் சுற்றுலாவைப் பிராந்திய விதிகளோடு பொருத்துவதானால், முதலில் எடுக்க வேண்டியது பயணியின் பணத்துக்கான பிணை. பொதி விற்கும் முகவர் எக்கரையில் இருந்தாலும் அது அவரைக் கட்டுப்படுத்த வேண்டும். பெர்மிட் காணியில் ஐந்து அறைக்கு உட்பட்ட விடுதி வைத்திருப்பவர், உறுதி இல்லாமலே பதிவு எடுக்க வழி செய்ய வேண்டும். வழிகாட்டி உரிமம் இந்த மாவட்டங்களை அறிந்தவருக்கே. வழிபாட்டிடங்களையும் நினைவிடங்களையும் எந்தப் பாதையிலும் சேர்க்கும் முன் அவ்வூர் மக்களின் எழுத்துமூலச் சம்மதம் பெற வேண்டும். கடற்கரைத் தண்ணீரைச் சித்திரையில் இருந்து புரட்டாதி வரை சோதித்து முடிவைக் கரையில் பலகையில் போட வேண்டும். சோதித்த கடற்கரைகளைச் சுற்றுலாப் பயணிகள் குளிப்பதற்குத் திறந்துவிட வேண்டும்."

வட்டுவாகல் ரீச்சர்:

கடைசி வரி பிழை, தம்பி.

நீங்கள் சொன்ன அதே சித்திரை முதல் புரட்டாதி வரைதான் எங்கள் பக்கம் கடல் அமைதி. அதே மாதங்களில்தான் கரைவலை வளைப்பது. விடியற்காலையில் வள்ளம் வலையை விட்டுக்கொண்டு சுற்றி வரும். பிறகு இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் இழுக்க நேரம் பிடிக்கும். கயிறு இறுகி நிற்கும்போது குறுக்கே ஒரு ஆள் நீந்தினால் அவருக்கும் ஆபத்து, வலையும் போகும். கரையில் குடை விரித்துப் படுத்திருந்தால் இழுக்கிறவர்கள் எங்கே கால் வைப்பது? கரைவலை இழுக்கும் கரைத்துண்டைத்தான் பாடு என்கிறோம். ஒவ்வொரு பாட்டுக்கும் உரிமைக்காரர் இருக்கிறார்கள், அவர்களின் தகப்பன்மாரும் அதே மணலில்தான் இழுத்தார்கள்.

இப்படி மாற்றுங்கள்: "சோதித்த கடற்கரைகளில் கரைவலைப்பாடு தவிர்ந்த பகுதியை, பாட்டு உரிமைக்காரரும் மீனவர் சங்கமும் எல்லை காட்டிய பிறகு திறந்துவிட வேண்டும்."

மாற்றினால் என் பெயரையும் கீழே போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் பாட்டுக்கு வாருங்கள். கயிறு எங்கே இருந்து எங்கே போகிறது என்று நேரில் காட்டுகிறேன்.

பரந்தன்சந்தி:

மாற்றிவிட்டேன். ஞாயிறு ஐந்தரைக்கு வருகிறேன், ரீச்சர். வான்கார அண்ணையையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.